லத்தீனின் வாலில் ஒரு 'க்கும்'

க்கும்.

மூன்றாம் வரிசையிலிருந்து அந்தச் சத்தம் எழும்பியதும் மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. என் தலை மட்டும் குனிந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்டுவருகிற செருமல் அது. ஆள் யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, பக்கத்துக் கதிரைதான். என் மடியில் ஒரு பை, பைக்குள் ஒரு பொன்னாடை. இரண்டையும் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டு நானும் கீழே போய்விடலாமா என்று யோசித்தேன்.

செருமியவர் என் கணவர் சிவபாதம். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். முன்னால் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள் எங்கள் மகள் ஆரணி. பல்கலைக்கழகத்தில் அவளுடைய டொக்டர் பட்டத்துக்கான பகிரங்க விவாதம் அன்றைக்கு. டென்மார்க்கிலிருந்து ஒரு பேராசிரியரும் சுவீடனிலிருந்து ஒரு பேராசிரியரும் வந்து, அவளுடைய ஆய்வை எதிர்த்துக் கேள்வி கேட்டு முடித்திருந்தார்கள். மூன்றாவது எதிராளியாக எழும்பி நின்றவர், பெற்ற தகப்பன்.

இது போன வசந்தகாலத்தில் நடந்தது. இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

மைக்கும் இவரும்

இவருடைய செருமலுக்கு ஒஸ்லோத் தமிழர்களிடையே ஒரு தனி மரியாதை உண்டு. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, நடன அரங்கேற்றம், எதுவானாலும் வாழ்த்துரைக்கு இவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போவார். மைக்கைக் கையில் எடுத்து, க்கும் என்று செருமி, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினாரென்றால் அதற்குப் பிறகு சோறு ஆறிவிடும். விழாப் பிள்ளையின் பெயருக்கு விளக்கம் சொல்வார், அந்தப் பெயரை வைத்த பெற்றோரே அறியாத விளக்கம். முடிவில் பொன்னாடை போர்த்துவார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ட்வெய்ட்டாப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் வைத்து ஆரணி தடை போட்டாள்.

"அப்பா, வாங்கோ. முன்னுக்கு இருங்கோ. ஆனா வாய் திறக்கக்கூடாது."

"ஊரிலை உள்ள பிள்ளையளுக்கெல்லாம் வாழ்த்துரை சொன்னனான். என்ரை பிள்ளைக்கு மட்டும் வாய் பொத்திக்கொண்டு இருக்கவோ?"

"இது அரங்கேற்றம் இல்லையப்பா. டிஸ்புட்டாஸ். அவையள் எதிர்த்துக் கேப்பினம், நான் நிண்டு பதில் சொல்ல வேணும். நீங்கள் எழும்பி 'தாய்மார்களே' எண்டு தொடங்கினா நான் முடிஞ்சன்."

"சரி பிள்ளை" என்றார் இவர். பிறகு வெகுநேரம் தேத்தண்ணியைக் குடிக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். மைக் கிடைக்கவில்லையே என்று முகம் சுருங்கவில்லை. மகளுடைய பெரிய நாளில் தனக்கு ஒரு வேலையும் இல்லையே என்றுதான் சுருங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் ஆரணியின் பக்கம்தான். இத்தனை வருட உழைப்பு ஒரு வாழ்த்துரையில் பகிடியாகிப் போய்விடக்கூடாது.

மிஸ்டர் மொர்ஹுவா

லத்தீனுக்கும் இவருக்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. ஊரை விட்டு வந்த இவர் முதலில் போய்ச் சேர்ந்தது பாட்ஸ்பியோர்ட்டுக்கு. நோர்வேயின் வடக்கு நுனி, வேலை மீன் வெட்டும் தொழிற்சாலையில். அந்த நாளில் எங்கள் ஆட்கள் பலருக்கு நோர்வே என்றால் அந்த ஊரும் அந்த மீன்மணமும்தான்.

நோர்வே மொழியான நோர்ஸ்க்கில் ஒரு சொல்லும் தெரியாது. ஏற்றுமதிப் பெட்டிகளில் மட்டும் ஒரு பெயர் அச்சடித்திருந்தது: காடுஸ் மொர்ஹுவா. எல்லாப் பெட்டியிலும் இருப்பதால் அது முதலாளியின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று இவர் முடிவுகட்டிவிட்டார்.

ஒருநாள் லீவு தேவைப்பட்டது. மேற்பார்வையாளரிடம் போய், தெரிந்த ஆங்கிலத்தில், மிஸ்டர் மொர்ஹுவா எப்போது வருவார் என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் மேசையில் கிடந்த பெரிய டோர்ஸ்க் மீன் ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கி, "வந்துவிட்டார், கேள்" என்றாராம். டோர்ஸ்க் மீனின் லத்தீன் பெயர்தான் அது.

லீவு கிடைத்தது. கூடவே பட்டப்பெயரும் கிடைத்தது. வடக்கில் இருந்த பழைய கூட்டாளிகள் இன்றைக்கும் தொலைபேசியில் "மொர்ஹுவா நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்கள்.

எந்த நாட்டு அறிஞர் பார்த்தாலும் இன்ன மீன் என்று விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் மீனுக்கும் செடிக்கும் லத்தீனில் பெயர் வைத்தார்களாம். அறிஞர்களுக்கு விளங்கியிருக்கும். நாள் முழுக்க அதை வெட்டிக்கொண்டு நின்றவருக்குத்தான் விளங்கவில்லை.

செத்த பாஷைக்கு டொக்டர்

ஆரணி லத்தீன் படிக்கப் போகிறாள் என்றதும் எங்கள் உறவுக்குள் ஒரு சின்னச் செத்தவீடே நடந்தது. கனடாவிலிருந்து மச்சாள் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை டொக்டருக்குப் படிக்கிறாளெண்டு கேள்விப்பட்டன். எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்லை மச்சாள். லத்தீன்."

"அது செத்த பாஷையெல்லே?"

"ஓம். அதுதான் டொக்டர் தேவைப்படுகுது."

டொக்டர் என்ற சொல்லுக்கு லத்தீனில் கற்பிக்கிறவர் என்றுதான் பொருள் என்றும், மருந்து எழுதுகிறவர்கள் அந்தக் கதிரையில் பிறகு வந்து இருந்தவர்கள் என்றும் ஆரணி எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். அதை மச்சாளுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் என்னுடன் ஒரு மாதம் கதைக்கவில்லை.

செத்த பாஷை என்று சொல்கிறோமே தவிர, ஒஸ்லோவில் அது நன்றாகத்தான் நடமாடுகிறது. மே மாதத்தில் சிவப்புக் களிசானும் சட்டையுமாக, பாட்டும் கூத்துமாகத் தெருவெல்லாம் திரிகிற பள்ளி முடித்த பிள்ளைகளை 'ருஸ்' என்கிறோம். முந்திய காலத்தில் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வருகிறவனுக்குத் தலையில் கொம்பு கட்டிவிட்டு, அதைக் கழற்றியபிறகுதான் மாணவனாகச் சேர்ப்பார்களாம். 'கொம்பைக் கழற்றப் போகிறவன்' என்ற லத்தீனின் கடைசித் துண்டுதான் இந்த ருஸ். படித்தால் கொம்பு முளைக்கும் என்று நம்பி வளர்ந்த எங்களுக்கு இது புதுச் செய்தி.

கச்சான் சுற்றின கடதாசி

ஆரணியின் ஆய்வு என்னவென்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. ஆகவே ஒரேயடியாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

நோர்வே கத்தோலிக்க நாடாக இருந்த காலத்தில் பூசை லத்தீனில், போப்பாண்டவருக்குக் கடிதம் லத்தீனில், பாரிசுக்குப் படிக்கப் போனால் பாடமும் லத்தீனில். இங்கேயிருந்து போன ஒரு பாதிரியார், இத்தாலிக்காரர் ஒருவரோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே சண்டை பிடிக்கலாம். அது பெரிய வசதிதானே.

பிறகு லூத்தர் சபை வந்தது. பழைய பூசைப் புத்தகங்கள் வேண்டாப் பொருளாயின. ஆனால் அவை கன்றுத்தோலில் எழுதப்பட்டவை, நல்ல உறுதி. அரசாங்க எழுத்தர்கள் அவற்றைக் கத்தியால் வெட்டி, வரிக் கணக்குக் கட்டுகளுக்கு உறை போட்டுவிட்டார்கள். புத்தகமாகக் கிடந்தவை பெரும்பாலும் உக்கிப்போயின. உறையாய்ப் போனவை தப்பின. அந்தத் துண்டுகளைப் பொருத்தி வாசிப்பதுதான் எங்கள் மகளுடைய வேலை.

"இவ்வளவு படிச்சும் கச்சான்கடலை சுத்தின பேப்பரையோ பிள்ளை வாசிக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கச்சான் சுத்தின பேப்பரை விரிச்சுப் பிடிச்சு வாசிக்கிறது ஆர், நீங்கள்தானே அம்மா? உங்களிட்டைத்தான் பழகினது."

அந்தப் பழக்கம் எனக்கு உண்டுதான்.

கோயில் வாசலால் துரத்திய லத்தீனைப் பள்ளிக்கூட வாசலால் மறுபடி கூட்டிவந்ததுதான் இதில் பெரிய பகிடி. கடவுளுக்கு இனி அது வேண்டாம் என்று தீர்மானித்தவர்களே, லத்தீன் தெரியாதவன் படித்தவன் இல்லை என்று இன்னும் பல தலைமுறைகள் சாதித்தார்கள்.

ஆரணி கேட்கும் கேள்வி ஒன்றுதான். தேவாலயத்தின் பின்வரிசையில் நின்ற குடியானவனுக்கு அந்த லத்தீனில் ஒரு சொல்லும் விளங்காது. அப்படியென்றால் பூசை அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா, இல்லையா? சேர்ந்தது என்பது அவளுடைய கட்சி. மணி, சாம்பிராணி, ராகம் எல்லாம் சேர்ந்து, விளங்காமலே அவன் பெற்றுக்கொண்டான் என்கிறாள். மந்திரவாதி சொல்லும் 'ஹோக்குஸ் போக்குஸ்' கூட, 'இது என் உடல்' என்ற லத்தீன் வசனம் பின்வரிசைக் காதில் விழுந்து சிதைந்த சிதைவு என்று ஒரு கதை இருக்கிறதாம்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நானும் பின்வரிசைதான். ஐயர் 'மமோபாத்த' என்று சங்கற்பம் தொடங்கும்போதெல்லாம் 'மாமா பாத்த' என்றுதான் என் காதில் விழும். மாமா எதைப் பார்த்தார் என்று சின்ன வயதில் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். ஆனாலும் திருநீறு வாங்கிக்கொண்டு நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

தலை போன பஸ்

பள்ளியில் லத்தீன் தொடங்கிய புதிதில், வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த தகப்பனை ஆரணி பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்கள் ஓட்டுறது என்னெண்டு தெரியுமோ?"

"புஸ்" என்றார் இவர். நோர்ஸ்க்கில் பஸ்ஸைப் புஸ் என்றுதான் சொல்லவேண்டும்.

"அது லத்தீன். முழுச் சொல் ஓம்னிபுஸ். எல்லாருக்கும் எண்டு அர்த்தம். சனம் தலையை வெட்டிப்போட்டு வாலை மட்டும் வைச்சிருக்குது. 'எல்லாருக்கும்' எண்டதிலை 'எல்லாரு' போச்சு, 'புஸ்' எண்டா வெறும் 'க்கும்'தான்."

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஓட்டினது?"

"க்கும்."

சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டே இவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. அடுத்த நாள் சிரிப்புப் போய்ப் பெருமை வந்துவிட்டது. "இஞ்சேரும், ஓம்னி... ஓம் எண்டுதான் தொடங்குது. எங்கடை ஆக்கள் ஆரோ அங்கை போயிருக்கினம்" என்று என்னிடம் ஆராய்ச்சி வேறு. அன்று தொடங்கி, வேலைக்குப் புறப்படும்போது "க்கும்முக்குப் போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்.

ஆய்வுநூல் அச்சாகி வீட்டுக்கு வந்த அன்று, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல அதற்கு மண்ணிறக் கடதாசியில் உறை போட்டார். பஸ் நிற்கும் இடைவேளைகளில் எல்லாம் வாசித்தார். நோர்ஸ்க்கில் எழுதியதுதான், ஆனாலும் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. முதல் பக்கம் மட்டும் முழுவதுமே பிடிபடவில்லை. அதில் இருந்தது இரண்டே சொல். பரென்டிபுஸ் மெயிஸ்.

"இதென்ன பிள்ளை?"

"அது சும்மா, அப்பா. பிறகு சொல்லுறன்" என்றுவிட்டு ஆரணி ரயிலுக்கு ஓடிவிட்டாள். விவாதத்துக்கான படிப்பு தலைக்கு மேல் கிடந்தது. பிறகு என்பது வரவில்லை.

பிரபு சொன்ன 'பேசலாம்'

இனி மண்டபத்துக்கு வருவோம்.

எங்களோடு வந்திருந்தவர் பிரபு. எங்கள் மாடிக் குடியிருப்பில் மேல்வீடு. கோயம்புத்தூர்க்காரர், கணினி ஆராய்ச்சி செய்கிறார். தானும் ஒருதரம் இப்படி மேசைக்குப் பின்னால் நின்று டொக்டரானவர் என்பதால், சடங்குகளை விளக்கிச் சொல்லத்தான் பக்கத்தில் இருத்தியிருந்தோம்.

இடைவேளை விடும்போது அவைத் தலைவர் ஏதோ அறிவித்தார். நடுவில் 'எக்ஸ் ஆவுடிடோரியோ' என்று ஒரு லத்தீன். அதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை.

"தம்பி, என்னவாம்?" என்று இவர் கேட்டார்.

பிரபு கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஆடியன்ஸ்ல இருந்து யாராச்சும் பேசணும்னா பேசலாமாம் அங்கிள். பிரேக்ல அவர்கிட்ட பேர் குடுக்கணும்."

எங்கள் பேச்சில், 'அவர் என்னைப் பேசிப்போட்டார்' என்றால் ஏசிவிட்டார் என்று அர்த்தம். மற்றபடி நாங்கள் கதைக்கிறவர்கள். இந்தியத் தமிழர் 'பேசு' என்றால் அது எங்களுடைய 'கதை' என்று, இவ்வளவு காலம் படம் பார்த்தவருக்குத் தெரியாதா? தெரிந்ததுதான் வினையாகிவிட்டது. மரியாதையாக மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டார். அந்த ஒருதரம் மட்டும் யாழ்ப்பாண அர்த்தத்தில் எடுத்திருந்தால் சரியாக விளங்கியிருக்கும். லத்தீன் சொன்னது எதிர்த்துப் பேசுவதைத்தான்.

நான் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தபோது இவருடைய முகம் மத்தாப்பாக இருந்தது.

"பேர் குடுத்திட்டன். ரெண்டே நிமிசம். அந்தப் பொன்னாடையைக் கையோடை வைச்சிரும்."

"பிள்ளை வேண்டாமெண்டு சொன்னவளெல்லே!"

"சபையே கேக்கேக்கை மாட்டனெண்டு சொல்லலாமோ?"

பிரபு அப்போதுதான் கைபேசியை விட்டார். "ஐயோ அங்கிள், வாழ்த்திப் பேசக் கூடாது! எதிர்த்துத்தான் பேசணும். ஆராய்ச்சியில என்ன தப்புன்னு சொல்லணும்!"

"பேசலாமெண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்?"

"ஆமா அங்கிள். பேசலாம்னுதான் சொன்னேன்."

இரண்டு தமிழும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. போய்ப் பெயரை வெட்டச் சொல்ல நேரமில்லை. அவைத் தலைவரும் ஆரணியும் பேராசிரியர்களும் வரிசையாக உள்ளே வர, மண்டபம் முழுவதும் எழும்பி நின்றது.

மூன்றாவது எதிராளி

சுவீடன் பேராசிரியர் முடித்ததும் அவைத் தலைவர் ஒரு துண்டைப் பார்த்து வாசித்தார். "அவையிலிருந்து எதிர்ப்பவர், சிவபாதம்." ஆரணிக்கும் அதுதான் கடைசிப் பெயர். அங்கங்கே சிரிப்பு எழும்பியது.

ஆரணி சிரிக்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வாக்குத் தந்தீர்களே அப்பா என்று கண்ணால் கேட்டாள். மனப்பாடமாக வைத்திருக்கும் பெயர் விளக்கத்தை இந்த மனுஷன் நோர்ஸ்க்கில் அவிழ்த்துவிடப் போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

க்கும் என்று செருமினார். எல்லோரும் திரும்பினார்கள். யாரோ மைக்கை நீட்டினார்கள். மைக்கைக் கண்டு இவர் முழித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு குனிந்து, மண்ணிற உறை போட்ட அந்தப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். பாட்ஸ்பியோர்ட்டில் பொறுக்கிய அந்த வடக்கத்தி நோர்ஸ்க்கில் தொடங்கினார்.

"எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது. முதல் பக்கத்தில் இரண்டு சொல் லத்தீனில் எழுதியிருக்கிறது. முதற் சொல்லின் வாலில் ஒரு புஸ் நிற்கிறது. நான் புஸ் ஓட்டுகிறவன், அதனால் கண்ணில் பட்டது. புஸ் என்றால் 'க்கும்' என்று இந்த மாணவிதான் எனக்கு முந்திச் சொன்னவர்."

மண்டபம் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"ஆகவே இது யாருக்கோ கொடுத்திருக்கிறது. யாருக்கென்று எனக்குத் தெரியாது. விளங்காவிட்டாலும் போய்ச் சேரும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நான் அதை எதிர்க்கிறேன். விளங்கினால் இன்னும் நல்லாய்ப் போய்ச் சேரும்."

எதற்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது, நின்று வாதாட வேண்டும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காலையிலிருந்து டென்மார்க்குக்கும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை, சுவீடனுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"எதிராளிக்கு நன்றி" என்று நோர்ஸ்க்கில் முறைப்படி தொடங்கினாள். "இந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. மொழிபெயர்ப்பு விடுபட்டுவிட்டது. இப்போது தருகிறேன்."

அதன்பிறகு, அந்த மண்டபத்தில் எங்கள் மூலையைத் தவிர வேறு யாருக்கும் விளங்காத பாஷையில் சொன்னாள்.

"அம்மாவுக்கும் அப்பாவுக்கும்."

நான் பையிலிருந்த பொன்னாடையை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டேன். சரிகை குத்தியது.

எதிராளிக்குப் பதில் திருப்திதானா என்று அவைத் தலைவர் கேட்டார். இவர் நோர்ஸ்க்கை எங்கேயோ தவறவிட்டுவிட்டு, "ஓம்" என்றார். இன்னும் ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

க்கும் என்று மட்டும் வந்தது.